விமான பாக ஆலை பெரிதாகும்போது, பக்கத்துப் பட்டறைகளையும் கணக்கில் எடுங்கள்

மாண்புமிகு தமிழ்நாடு தொழில்துறை அமைச்சர் அவர்களுக்கும், டிட்கோ (தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகம்), சிப்காட் நிர்வாகத்தினருக்கும், குறு, சிறு தொழில் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

எங்கள் ஓசூர்ப் பக்கம் விமான பாகம் செய்யும் ஆலைகள் விரிவாகிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு விரிவாக்க ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதும் இத்தனை கோடி முதலீடு, இத்தனை பேருக்கு வேலை என்று செய்தி வருகிறது. படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை ஓரத்தில், பெரிய ஆலைகள் தரும் பாகங்களைச் செய்துகொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறை நடத்திப் பிழைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தச் செய்தி ஊரில் யாரையும்விட முக்கியம். அதில் வருகிற வேலை எண்ணிக்கையைப் பற்றித்தான் இந்த மடல். அந்த எண்ணிக்கை இன்னும் பெரிதாகலாம். அதற்கு ஒரு வசதி குறைகிறது: சிறு பட்டறைகள் செய்யும் விமான பாகங்களுக்குப் பூச்சும் சோதனையும் முடித்துத் தரும் ஒரு பொது மையம். அதைச் செய்து தரும் அதிகாரம் உங்கள் கையில் இருப்பதால் உங்களுக்கே எழுதுகிறேன்.

2022-இல் வெளியிட்ட வான்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கையில் பத்து ஆண்டில் 75,000 கோடி ரூபாய் முதலீடு, நேரடியாகவும் மறைமுகமாகவும் 1 லட்சம் பேருக்கு வேலை என்று அரசு இலக்கு வைத்தது. நல்ல இலக்கு. ஆனால் இந்தத் தொழிலில் முதலீடு எவ்வளவு வந்தாலும் ஆலைக்குள் வேலை அந்த வேகத்தில் கூடாது. கணினி நிரல்படி ஐந்து அச்சில் உலோகத்தைச் சீவும் ஒரு நல்ல ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் கோடிகளில் விலை. நிரலைப் போட்டு, செட்டிங் முடித்துவிட்டால் ஒரு ஆபரேட்டர் இரண்டு மெஷினைப் பார்த்துக்கொள்வார். திருப்பூரில் அதே பணத்தைப் போட்டால் தையல் மெஷின் முன்னால் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று உங்களுக்கே தெரியும். இதை ஆலைக்காரர்களின் குறையாகச் சொல்லவில்லை. தொழிலின் தன்மை அப்படி.

அப்படியானால் 1 லட்சம் பேர் எங்கே வேலை செய்வார்கள்? பெரும்பாலும் ஆலை மதிலுக்கு வெளியேதான். ஒரு பயணிகள் விமானத்தில் லட்சக்கணக்கான பாகங்கள் இருக்கின்றன. பெரிய ஆலை எல்லாவற்றையும் தானே கடைந்துகொண்டிருக்காது. கடினமானதையும் கோப்பதையும் தன்னிடம் வைத்துக்கொண்டு ப்ராக்கெட், புஷ், பின், ஸ்பேசர், கிளிப், ஃபிக்ஸர் என்று சின்னதையெல்லாம் வெளியே கொடுக்கும். அதை வாங்கிச் செய்ய ஓசூரில் பட்டறைகள் இருக்கின்றன. அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் டைட்டனும் இங்கே வந்த பிறகு, அவர்களுக்கு வேலை செய்தே வளர்ந்த பட்டறைகள் இவை. மைக்ரான் கணக்கில் வேலை செய்யத் தெரிந்த கைகள் இங்கே ஏராளம்.

விமானமும் ஓசூருக்குப் புதிது கிடையாது. பேளகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் சொந்த ஓடுதளத்தோடு, இத்தாலியின் பார்ட்டெனேவியா நிறுவன ஒத்துழைப்பில், 1990-களிலேயே பி68 என்ற சிறு விமானத்தைத் தயாரித்தது. தனியார் ஆலை ஒன்றில் விமானம் முழுசாக உருவானது இந்தியாவுக்கே அப்போது புதுசு. இன்றைக்கு டைட்டனின் எஞ்சினியரிங் பிரிவு இதே ஊரில் விமான பாகம் செய்கிறது. 2018 மத்திய பட்ஜெட்டில் அறிவித்த பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, சேலம், திருச்சியோடு ஓசூரும் ஒரு மையம். இவ்வளவு இருந்தும் சிறு பட்டறைகளில் மிகச் சிலவே விமான வேலைக்குள் கால் வைத்திருக்கின்றன. வைத்தவர்களும் தடுமாறுகிறார்கள்.

ஏன் என்பதை ஒரு ப்ராக்கெட்டை வைத்தே சொல்கிறேன்.

உள்ளங்கை அளவு அலுமினிய ப்ராக்கெட். கட்டையாக வரும் உலோகத்தில் முக்கால்வாசிக்கு மேல் சீவலாகப் போய்விடும், மிஞ்சுவதுதான் பாகம். மெஷினில் இரண்டு மணி நேர வேலை. அப்புறம் டீபர்ரிங். அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண்தான் எங்கள் பட்டறையில் அதைச் செய்கிறார். பூதக்கண்ணாடி விளக்கின் கீழே பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு துளை விளிம்பிலும் முடியைவிட மெல்லிசான பிசிறைச் சுரண்டி எடுப்பார். கொஞ்சம் அழுத்திவிட்டால் விளிம்பு அளவு மாறிவிடும். கொஞ்சம் விட்டுவிட்டால் அந்தப் பிசிறிலிருந்தே நாளைக்கு விரிசல் தொடங்கும். பிறகு சி.எம்.எம். என்ற நுண்ணளவு மெஷினில் அளவு பார்ப்போம். எல்லாம் டிராயிங்படி இருக்கும். இதுவரை வேலை ஓசூருக்குள் முடிந்துவிடுகிறது.

ஆனால் பாகம் முடியவில்லை. அதற்கு ஆனோடைசிங் என்ற மேற்பூச்சு போட வேண்டும். சில பாகங்களுக்குச் சூடாக்கிப் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மென்ட், சிலவற்றுக்கு காட்மியம் ப்ளேட்டிங் என்ற உலோகப் பூச்சு, முக்கியமானவற்றுக்கு விரிசல் பார்க்கும் சோதனை. விமானத் தொழிலில் இவற்றை ஸ்பெஷல் ப்ராசஸ் என்பார்கள். எந்தக் கடையிலும் போட்டுவிட முடியாது. நாட்கேப் என்ற சர்வதேச விமானத் தொழில் அங்கீகாரம் பெற்ற இடத்தில், வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட பட்டியலில் உள்ள இடத்தில்தான் செய்ய வேண்டும். பெரிய ஆலைகள் சிலவற்றுக்கு உள்ளேயே வசதி இருக்கலாம். அது அவர்கள் வேலைக்கே சரியாக இருக்கும். நாங்கள் டப்பாவில் நுரைத்தாள் வைத்து அடுக்கி, டெம்போவில் ஏற்றி பெங்களூருக்கு அனுப்புகிறோம். அத்திப்பள்ளி தாண்டி, நகரத்துக்குள் நுழைந்து, பீன்யா பக்கம் போய் இறங்கும். அங்கே எங்களுக்கு முன்னால் பெங்களூர் வாடிக்கையாளர்கள் நிற்பார்கள். ஐம்பது பாகத்தோடு போகிற எனக்காக அவர்கள் லைனை நிறுத்தி மாற்றுவார்களா? வரிசை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மெஷினில் இரண்டு மணி நேரம் எடுத்த பாகம், பூச்சு முடிந்து திரும்பி வர இரண்டு வாரம் ஆகிவிடுகிறது. வரும் வழியில் டப்பா ஆடி ஒரு கீறல் விழுந்தால் அந்தப் பாகம் ரிஜெக்ட். கட்டை உலோகத்திலிருந்து மறுபடி ஆரம்பம்.

நாற்பது கிலோமீட்டர்தானே, பக்கத்திலேயே பெங்களூர் இருக்கும்போது எதற்குத் தனியாக என்று உங்கள் அதிகாரிகளில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. தூரம் பெரிய பிரச்சினை இல்லை, வரிசைதான் பிரச்சினை. இந்த வரிசையால் நான் டெலிவரி தேதியை உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. தேதி சொல்ல முடியாதவனுக்கு விமான வேலை கொடுக்க மாட்டார்கள். அதனால்தான் இங்கே பல பட்டறைகள் வாகன பாகத்தோடு நின்றுவிடுகின்றன. திறமை இல்லாமல் நிற்கவில்லை.

கர்நாடகத்தில் பெலகாவியைப் பாருங்கள். ஏக்வஸ் நிறுவனம் அங்கே ஒரே வளாகத்துக்குள் ஃபோர்ஜிங் (உலோகத்தை அழுத்தி உருக்கொடுப்பது), மெஷினிங், மேற்பரப்புப் பூச்சு மூன்றையும் கொண்டுவந்தது. ஃபோர்ஜிங்குக்குப் பிரான்சின் ஆபேர் எ டுவாலோடு கூட்டு, பூச்சுக்குக் கனடாவின் மெகெல்லனோடு கூட்டு. பாகம் வளாகத்தின் வேலியைத் தாண்டாமலேயே முடிந்து, நேராகக் கப்பலுக்கோ விமானத்துக்கோ போகிறது. பெலகாவி பெருநகரம் கிடையாது. பெங்களூரிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர். அங்கே வேலை உண்டானதற்கு அந்தத் தொடர்ச்சி ஒரு பெரிய காரணம். ஒரு தனியார் நிறுவனம் தன் வளாகத்துக்குள் செய்துகொண்டதை, நூற்றுக்கணக்கான பட்டறைகள் இருக்கிற ஓசூருக்கு அரசு எல்லோருக்கும் பொதுவாகச் செய்து தரலாம் என்பதே என் கோரிக்கை.

சரி, யாராவது ஒரு பட்டறைக்காரர் தானே ப்ளேட்டிங் லைன் போட்டால் என்ன? இரண்டு காரணங்களால் முடியாது. ஒன்று பணம்: தொட்டிகள், லேப், ஆட்கள், நாட்கேப் தணிக்கைக் கட்டணம் என்று போட்டுவிட்டு, வேலை சேரும்வரை வட்டி கட்ட எங்களில் யாருக்கும் சக்தி இல்லை. இன்னொன்று தண்ணீர். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

ப்ளேட்டிங் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சிவப்பு வகைத் தொழில். சரியாகவே அப்படி வைத்திருக்கிறார்கள். விமான பாகப் பூச்சில் குரோமியமும் காட்மியமும் வரும். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் தரும் பொருள்; மண்ணில் இறங்கினால் கிணற்றுக்கு வந்துவிடும். ஓசூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்கத் தேவையில்லை. மேல்பக்கத்திலிருந்து கழிவோடு வரும் தென்பெண்ணை, கெலவரப்பள்ளி அணையிலிருந்து திறக்கும்போது நுரை நுரையாகப் பொங்குவதை வருஷா வருஷம் பார்க்கிறோம். அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிற விவசாயிகள் எங்கள் சொந்தக்காரர்கள்தான். அதனால் நாலு மூலையில் நாலு பேர் சின்னச் சின்ன ப்ளேட்டிங் கடை போட்டு, ராத்திரியில் சாக்கடையில் திறந்துவிடுகிற நிலைமை வரவே கூடாது என்று நினைப்பவன் நான். ஒரே இடத்தில், ஒரு சொட்டுக்கூட வெளியே விடாத சுத்திகரிப்பு அமைப்போடு, வாரியம் முதல் நாளிலிருந்தே கண்காணிக்கிற பொது மையமாக இருந்தால்தான் ஊர் தாங்கும். சிறு பட்டறைகளால் செய்ய முடியாததும், அரசு முன்னின்றால் முடிகிறதுமான வேலை இது.

பணத்துக்கு வழி இல்லாமல் இல்லை. மத்திய அரசின் குறு, சிறு தொழில் தொகுப்பு வளர்ச்சித் திட்டத்தில் பொது வசதி மையங்களுக்கு மானியம் உண்டு. பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தில் 75 சதவீதம் வரை மத்திய அரசு தந்திருக்கிறது. அந்தத் திட்டத்தில்தான் ஆளில்லா விமானங்களுக்கான சோதனை மையத்தை வல்லம் வடகாலுக்கு டிட்கோ கொண்டுவந்தது. அதே டிட்கோ ஓசூருக்கு இதைச் செய்ய முடியாதா? சிப்காட்டில் கொஞ்சம் நிலம், கழிவுநீர் அமைப்புக்கு மாநிலத்தின் பங்கு, ஏற்கெனவே நாட்கேப் அனுபவம் உள்ள நிறுவனம் ஒன்றை டெண்டரில் எடுத்து நடத்தச் சொல்வது, முதல் சில வருடத் தணிக்கைக் கட்டணத்தை ஏற்பது. இவ்வளவுதான் கேட்கிறோம். டெண்டரில் ஒரு நிபந்தனை மட்டும் கட்டாயம் வேண்டும்: வாரத்தில் இத்தனை மணி நேரம் லைன் சிறு பட்டறைகளுக்கே என்று எழுதியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய ஆலையின் வேலையே லைனை நிறைத்துவிடும். எங்களுக்கு பீன்யா வரிசைக்குப் பதில் ஓசூர் வரிசை கிடைக்கும்.

இந்த மையத்துக்குள்ளேயே வரும் வேலைகளையும் எண்ணிப் பாருங்கள். தொட்டிகளின் ரசாயன அளவை ஷிப்ட்டுக்கு ஷிப்ட் சோதிக்க ஆள் வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பி.எஸ்சி. வேதியியல் முடித்த எத்தனை பெண்கள் ஜவுளிக்கடை பில்லிங்கில் உட்கார்ந்திருக்கிறார்கள்! படித்த படிப்புக்கு ஏற்ற வேலை அவர்களுக்கு உள்ளூரிலேயே கிடைக்கும். அப்புறம் விரிசல் சோதனை. பாகத்தை ஒளிரும் திரவத்தில் நனைத்து, கழுவி, இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழே பார்ப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அங்கே பச்சை மஞ்சள் கோடாக மின்னும். அதைப் பார்த்து இந்தப் பாகம் போகலாம், இது போகக்கூடாது என்று முடிவு செய்பவருக்கு முறையான பயிற்சியும் சான்றும் வேண்டும், ஆண்டுதோறும் கண் பரிசோதனையும் வேண்டும். கௌரவமான வேலை, நல்ல சம்பளம், வயதானாலும் மதிப்பு குறையாது. தளியிலும் சூளகிரியிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்று நீங்கள் பெருமையாகச் சொல்கிறீர்கள். உண்மையிலேயே பெருமைதான். ஆனால் அவர்களில் நிறையப் பேர் சில வருடம் வேலை செய்துவிட்டு, கல்யாணத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். மையத்திலும் பட்டறைகளிலும் வரும் வேலை தொடர்ந்து செய்யக்கூடிய வேலை. அதற்கு அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஷிப்ட் நேரத்துக்குப் பேருந்து வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டறைப் பெண், கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயத்தில் ஓவர்டைமை விட்டுவிட்டு ஓடுகிறார்.

ஐ.டி.ஐ. பிள்ளைகளைப் பற்றியும் கொஞ்சம். 71 அரசு ஐ.டி.ஐ.-களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் மேம்படுத்தியிருக்கிறீர்கள். நல்ல மெஷின்கள் வந்திருக்கின்றன. விமான வேலைக்கு மெஷின் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, எழுதத் தெரிய வேண்டும். எந்தத் தடவை உருக்கிய உலோகத்தின் எந்தக் கட்டையிலிருந்து இந்தப் பாகம் வந்தது, எந்த மெஷின், எந்த டூல், யார் அளந்தார், எந்தத் தேதி என்று ஒவ்வொரு பாகத்துக்கும் ஜாதகம் இருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து ஏதோ ஒரு நாட்டில் விமானம் ஒன்றில் சந்தேகம் வந்தால் அந்த ஏட்டைத்தான் புரட்டுவார்கள். இந்தப் பழக்கம் எங்களிடம் வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் இல்லை. அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் முதல்வன் திட்டத்தில் ஆறு வாரப் பாடமாக இதைச் சேர்த்தால் ஓசூர் ஐ.டி.ஐ.-யில் நாளைக்கே ஆரம்பிக்கலாம். சொல்லிக் கொடுக்க எங்களில் பலர் சம்பளம் இல்லாமலே வருவோம்.

30 பேரோ அதற்கு மேலோ இருக்கிற நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டீஸ் எடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எடுக்கிறார்கள். வருடம் முடிந்ததும் அனுப்பிவிட்டு அடுத்த செட்டை எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்: விரிவாக்கத்துக்குச் சலுகை கொடுக்கும்போது, வேலை எண்ணிக்கையைப் பிரித்துக் கேளுங்கள். நிரந்தரம் எத்தனை, ஒப்பந்தம் எத்தனை, அப்ரண்டீஸ் எத்தனை, அந்த அப்ரண்டீஸ்களில் நிரந்தரமானவர்கள் எத்தனை, உள்ளூர்ப் பட்டறைகளுக்குப் போன வேலை எவ்வளவு. வருடத்துக்கு ஒரு முறை வெளியிடச் சொல்லுங்கள். மக்கள் பணத்தில் கொடுக்கும் சலுகைக்கு இந்தக் கணக்கைக் கேட்பதில் தவறே இல்லை. நல்ல ஆலைகள் சந்தோஷமாகக் கொடுக்கும்.

இதற்கெல்லாம் என்ன அவசரம் என்றால், இருக்கிறது. 2023-இல் ஏர் இந்தியா 470 விமானம், இண்டிகோ 500 விமானம் ஆர்டர் கொடுத்தன. ஏர்பஸ் கையில் மட்டும் 8,000-க்கும் மேல் செய்து கொடுக்க வேண்டிய விமானங்கள் இருக்கின்றன. பாகம் கிடைக்காமல் அவர்கள் திணறுகிறார்கள். புதுப் பட்டறைகளைத் தேடுகிறார்கள். இந்தத் தொழிலில் ஒரு பாகத்தை ஒரு பட்டறையிடம் கொடுத்துத் தகுதிச் சோதனை முடித்துவிட்டால், லேசில் மாற்ற மாட்டார்கள். மாற்றினால் முதல் பாக ஆய்விலிருந்து எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். அதனால் இப்போது உள்ளே போகிறவர்கள், அந்த விமான மாடல் தயாரிப்பில் இருக்கும்வரை, இருபது வருடம்கூட, உள்ளே இருப்பார்கள். வெளியே நிற்பவர்கள் அவ்வளவு காலம் வெளியேதான். ஓசூருக்கு விமான நிலையம் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். வரட்டும், மனதார வரவேற்கிறோம். அது கட்டி முடிய வருடங்கள் ஆகும். ப்ளேட்டிங் லைனுக்கு அவ்வளவு காலம் தேவையில்லை.

ஏ.எஸ். 9100 என்ற விமானத் தொழில் தரச் சான்றிதழ் செலவைத் திருப்பித் தரும் திட்டம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அதற்கு நன்றி. அந்தச் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டு வாகன வேலையே செய்துகொண்டிருக்கும் பட்டறைகளும் இருக்கின்றன. அவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். பூச்சுக்கு வழி கிடைத்தால் மறுநாளே மெஷினைத் திருப்பிவிடுவார்கள்.

உடனடியாக ஒன்று செய்யுங்கள். அடுத்த விரிவாக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், ஆலையின் கொள்முதல் பிரிவினர், ஹோஸ்டியா என்ற ஓசூர் சிறு, குறுந்தொழில் சங்கத்தினர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், ஐ.டி.ஐ. முதல்வர், டிட்கோ என்று எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். எந்தெந்தப் பூச்சுக்கு மாதம் எவ்வளவு வேலை வரும் என்று ஆலைக்காரர்கள் எழுத்தில் தரட்டும். அதை வைத்துத்தான் தொட்டியின் அளவையே முடிவு செய்ய முடியும். வெறும் ஊகத்தில் மையம் கட்டினால் அது பூட்டிக் கிடக்கும். எங்கள் பக்கத்திலிருந்து எத்தனை பட்டறை, என்னென்ன மெஷின், இன்று எவ்வளவு பாகம் பெங்களூருக்குப் போகிறது என்ற கணக்கைத் திரட்டித் தரும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

கூட்டத்தைச் சென்னையில் வைக்காமல் ஓசூரில் வையுங்கள், சனிக்கிழமை பிற்பகலாக இருந்தால் நல்லது. சம்பளம் போட்டு அனுப்பிவிட்டு எல்லாப் பட்டறைக்காரர்களும் வந்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓசூர் சிப்காட் பகுதியில் ஜாப் ஒர்க் பட்டறை நடத்தும் ஒருவன்